விலக்கியவன் எழுதச் சொல்லும் விலகல் மடல்

பணத்துறை நிறுவனங்களில் பணியாற்றும் நம் இளைஞர்களை ஒரே பிற்பகலில் வெளியேற்றிவிட்டு, அவ்வெளியேற்றத்திற்கு 'விருப்ப விலகல்' என்று பெயர் சூட்டும் கொடிய வழக்கம் இன்று ஊரறிந்ததாகிவிட்டது. கடன் வழங்கும் நிறுவனமாயினும், காப்பீடு விற்கும் நிறுவனமாயினும், அயல்நாட்டு வங்கிகளின் கணக்குகளைச் சென்னையிலிருந்து எழுதித் தரும் பின்னலுவலகமாயினும் முறை ஒன்றே. மாந்தவளத் துறையினர் ஒரு சிற்றறைக்கு அழைப்பர். 'நிறுவனம் தன்னை மாற்றியமைத்துக் கொள்கின்றது' என்பர். முன்னரே அச்சிட்டு வைத்த மடலொன்றை நீட்டுவர். 'நீங்களே விலகுவதாகக் கையொப்பமிடுங்கள். இன்றேல் நீக்கப்பட்டவர் என்று பதிவாகும். பிறகு எந்த வங்கியும் உங்களைச் சேர்த்துக்கொள்ளாது' என்று இனிய குரலில் அச்சுறுத்துவர். அவனும் இடுவான். வேலையைப் பறித்ததோடு அமையாது, பறித்ததற்கு ஒப்புதலும் பறிகொடுத்தவனிடமே எழுதி வாங்கும் இத்திறத்தை என்னென்பது!

வேலையிழந்தவன் அடுத்த வேலை தேடிப் புறப்படும்போது அவன் கால்களைக் கட்டுவது அந்தக் கையொப்பமே என்பது என் உறுதியான கருத்து. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். என்னிடம் பயின்று, கல்லூரியில் வணிகவியல் முடித்து, கடன் நிறுவனங்களிலும் வங்கிகளிலும் அமர்ந்த மாணவர் பலர். வேலை போனபின் தொழிலாளர் அலுவலகத்திற்கு ஒரு முறையீடு எழுதித் தரும்படி அவர்கள் என்னிடம் வருகின்றனர். யாப்பிலக்கணம் கற்பித்தவனிடம் தொழிற்சட்டம் கேட்க வருகின்றார்களே என்று நகைப்பதற்கில்லை. வேறு யாரிடம் போவார்கள்? அவர்களுக்காகவே அச்சட்டங்களை நான் எழுத்தெண்ணிப் படிக்க நேர்ந்தது.

சட்டம் கூறுவது யாது? 1947-ஆம் ஆண்டுத் தொழில்தகராறுச் சட்டம், ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய வேண்டின் ஒருதிங்கள் முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தரல் வேண்டும் என்றும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியத்தை இழப்பீடாகத் தரல் வேண்டும் என்றும் வரையறுத்தது. அதன் இடத்தில் 21-11-2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ள 2020-ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் இவ்விரண்டையும் கைவிடவில்லை. அத்துடன், ஆட்குறைப்புக்கு ஆளானவனின் மறுபயிற்சிக்கென மேலும் 15 நாள் ஊதியத்தை நிறுவனம் செலுத்த வேண்டும் என்றும், அது 45 நாட்களுக்குள் அவன் கணக்கில் சேர வேண்டும் என்றும் அச்சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமோ, நீக்கப்பட்டவனுக்கும் விலகியவனுக்கும் சேரவேண்டிய ஊதியத்தை இரண்டு வேலைநாட்களுக்குள் தந்து முடிக்க வேண்டும் என்கின்றது. ஐந்தாண்டு பணிமுடித்தவனுக்குரிய பணிக்கொடை, விலகினாலும் நீக்கப்பட்டாலும் அவனுக்குரியதே. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவும் ஒன்றுண்டு. ஆறு திங்கள் தொடர்ந்து பணியாற்றிய ஒருவரை, தக்க கரணியமும் ஒருதிங்கள் முன்னறிவிப்பும் இன்றி நீக்கலாகாது. நீக்கின் மேன்முறையீடு செய்யலாம் என்பது அது. மேலாண்மைப் பொறுப்பில் உள்ளார்க்கு மட்டும் அஃது உதவாது.

இப்போது விளங்கும், அந்த மடலின் உட்பொருள். 'விலகுகின்றேன்' என்று எழுதிக்கொடுத்தவன் ஆட்குறைப்புச் செய்யப்பட்டவன் ஆகான். எனவே 15 நாள் கணக்கும் இல்லை, மறுபயிற்சித் தொகையும் இல்லை, மேன்முறையீடும் இல்லை. எட்டாண்டு உழைத்தவனுக்கு நான்கு திங்கள் ஊதிய அளவான இழப்பீடு ஒரு கையெழுத்தில் மறைந்து போகின்றது! வேலை தேடும் காலத்தில் வீட்டு வாடகையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அந்த நான்கு திங்களில்தாம் அடங்கியிருந்தன.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. பணத்துறையில் நுழைந்த இரண்டாம் ஆண்டே ஒருவனுக்குத் 'துணை மேலாளர்' என்று பட்டம் சூட்டிவிடுவர். ஊரார் மகிழ்வர், பெண் கொடுப்போர் வியப்பர். அவனுக்குக் கீழே பணியாற்றுவார் ஒருவரும் இரார். நாள்முழுதும் அவன் செய்வது கணக்குப் பதிவே. ஆயினும் நீக்கும்போது, 'மேலாளர் தொழிலாளியாகார். சட்டம் உமக்குப் பொருந்தாது' என்பர். பெயரளவில் வழங்கிய பட்டம் முறைமன்றத்தில் செல்லாது. செய்த வேலை எத்தகையது என்பதையே பார்க்க வேண்டும் என்று இந்நாட்டு முறைமன்றங்கள் மீண்டும் மீண்டும் கூறியுள்ளன. ஆதலின், ஒவ்வொருவரும் தாம் நாள்தோறும் செய்த வேலை என்ன என்பதற்கான சான்றுகளைப் பணியிலிருக்கும்போதே தொகுத்து வைத்தல் நன்று. வெளியேற்றும் நாளில் கணினியை முதலில் பிடுங்கிவிடுவார்கள்.

உலகெங்கும் இத்துறையில் தவறு செய்வோர் ஒருவர், தெருவில் நிற்போர் மற்றொருவர். 1850-இல் தொடங்கப்பெற்ற அமெரிக்கப் பணத்துறை நிறுவனமான இலேமன் பிரதர்சு, 15-9-2008 அன்று முறிவறிவித்தபோது அதன் பணியாளர் ஏறத்தாழ 25,000 பேர். தாளட்டைப் பெட்டிகளில் தம் பொருள்களைச் சுமந்துகொண்டு அவர்கள் நியூயார்க்கிலும் இலண்டனிலும் வெளியேறிய படங்களைத் தாளிகைகளில் கண்டோம். அந்நிறுவனத் தலைவர் இரிச்சர்டு பல்டு அடுத்த திங்களில் அமெரிக்கப் பேராயக் குழுமுன் நின்றார். 2000-ஆம் ஆண்டு முதல் அவர் பெற்றது ஏறத்தாழ 48 கோடி தாலர் என்று குழுத்தலைவர் கூற, அவ்வளவு இல்லை என்று மறுத்தார். எத்துணைக் கோடி என்பதில்தான் அவர்களுக்குள் வழக்கு! பெட்டி சுமந்தோர் அனைவரும் ஒரே கிழமையில் ஒரே வேலைக்கு ஒரே நகரில் அலைந்தனர். பணத்துறை வேலை தேடலின் தனிக்கொடுமை இது. நெசவாலை ஒன்று மூடினால் அடுத்த ஊர் ஆலை ஓடிக்கொண்டிருக்கக் கூடும். பணத்துறை சரியும்போதோ எல்லாக் கதவுகளும் ஒருங்கே அடைபடும். ஒருவனை நீக்கிய கரணியமே மற்றவன் அவனைச் சேர்க்காமைக்கும் கரணியமாகும்.

நம் கரூரில் 1926-இல் தோன்றிய இலட்சுமி விலாசு வங்கியின் வரலாறு இதற்கு வேறானது. வாராக்கடன் பெருகி அவ்வங்கி தள்ளாடியபோது, 17-11-2020 அன்று அதன்மீது தடை விதிக்கப்பட்டது. பத்தே நாளில், 27-11-2020 அன்று, சிங்கப்பூரைச் சார்ந்த டி.பி.எசு. வங்கியோடு இணைக்கப்பட்டது. பங்கு வைத்திருந்தோர் முற்றாக இழந்தனர். ஆனால் பணியாளர்கள் அதே ஊதியத்தோடும் அதே பணிநெறிகளோடும் தொடர்வர் என்று இணைப்புத் திட்டத்திலேயே எழுதப்பட்டது. தொண்ணூற்று நான்காண்டுப் பெயர் அழிந்ததே என்று வருந்துவோருள் நானும் ஒருவன். எனினும் ஆள்வோர் எண்ணினால் பணியாளனைக் காக்க ஒரு வரி எழுத முடியும் என்பதற்கு அத்திட்டம் சான்றாகும். வங்கிக்கு எழுதத் தெரிந்த அவ்வரியைக் கடன் நிறுவனங்களுக்கு எழுதாமல் விட்டதேன்?

இனி, வேலை தேடுவோனை வளைக்கும் வலையொன்றைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பிற துறையில் வேலையிழந்தவனுக்கு இல்லாத இடர் இது. பணத்துறை இளைஞன் பெரும்பாலும் தானே கடனாளியாக இருப்பான். இருசக்கர வண்டிக்கும் அக்காள் திருமணத்திற்கும் தன் நிறுவனத்திலோ அண்டை நிறுவனத்திலோ கடன் பெற்றிருப்பான். வேலை போன மூன்றாம் திங்களில் தவணை தவறும். தவறியது உடனே 'சிபில்' முதலிய கடன்தகவல் நிறுவனங்களின் ஏட்டில் ஏறும். 300 முதல் 900 வரை போடப்படும் அவனது மதிப்பெண் இறங்கும். பின்னர் அவன் வங்கி வேலைக்கு எழுதிப் போடுவான். பொதுத்துறை வங்கிகளின் தேர்வு அறிவிப்புகளில் நல்ல கடன்வரலாறு உடையவராதல் வேண்டும் என்னும் கட்டளை உண்டு. ஆகவே, வேலையில்லாமையால் கடன் தவறினான். கடன் தவறியமையால் வேலையில்லை! செக்குமாட்டுக்காவது மாலையில் நுகம் கழற்றப்படும்.

இது கற்பனையன்று. வங்கியதிகாரி பணிக்குத் தேர்வாகி ஆணையும் பெற்ற ஒருவரின் அவ்வாணையை, கடன்வரலாற்றில் குறை காணப்பட்டதென்று பாரத அரசு வங்கி நீக்கியது. அது செல்லும் என்று சென்னை உயர்முறைமன்றம் 2025-இல் தீர்ப்புரைத்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாள்வோன் தன் பணத்தையும் ஒழுங்காகக் கையாளல் வேண்டும் என்பது அதன் கருத்து. அக்கருத்தை நான் புறந்தள்ளவில்லை. குடித்தும் களித்தும் கடனாளியானவனிடம் கருவூலத் திறவுகோலைக் கொடுக்க யாரும் இசையார். ஆனால் கடன் ஏட்டில் இருப்பது தவறிய நாட்களின் எண்ணிக்கையே. தவறிய கரணியம் அங்கு எழுதப்படுவதில்லை. ஊதாரியும், ஊதியம் பறிக்கப்பட்டவனும் அவ்வேட்டில் ஒரே எண்ணாக நிற்கின்றனர். நோயால் பள்ளிக்கு வாராத மாணவனையும் ஊர்சுற்றிய மாணவனையும் வருகைப்பதிவு ஒன்றை மட்டும் வைத்து ஓர் ஆசிரியன் ஒறுப்பானாயின் அவனை ஆசிரியன் என்பீர்களா?

சட்டம் திருந்தும்வரை இளைஞர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளல் வேண்டும். வேலை போன நாளிலேயே, தவணை தவறுமுன், கடன் தந்தோர்க்கு எழுத்தில் தெரிவித்துத் தவணையை மாற்றியமைக்கக் கேளுங்கள். தவறிய பின் கேட்பது இரப்பு. தவறுமுன் கேட்பது பேச்சு. ஒவ்வொரு கடன்தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் முழு அறிக்கையைக் கட்டணமின்றித் தரல் வேண்டும் என்பது நடுவண் வங்கியின் ஆணை. அதனைப் பெற்றுப் படியுங்கள். அடைத்த கடன் அடைபடாததாகக் காட்டப்பட்டிருப்பதை என் மாணவரிடத்தே இருமுறை கண்டேன். பிழையைச் சுட்டி முறையிட்டால் 30 நாட்களுக்குள் திருத்த வேண்டும். தவறின் நாளொன்றுக்கு 100 உருபா இழப்பீடு என்னும் நெறி 2024 ஏப்பிரல் முதல் நடைமுறையில் உள்ளது. இதனை அறிந்தோர் நூற்றுக்கு ஒருவரேனும் உளரோ என ஐயுறுகின்றேன்.

பொதுத்துறை வங்கிகளுக்கு மற்றொரு மதிலும் உண்டு, அஃது அகவை. எழுத்தர் தேர்வுக்கு 20 முதல் 28 வரை. அதிகாரி தேர்வுக்கு 20 முதல் 30 வரை. பிற்பட்டோர்க்கு மூன்றாண்டும், பட்டியலினத்தார்க்கு ஐந்தாண்டும் தளர்வு. முப்பத்து நான்கில் நீக்கப்பட்ட பிற்பட்ட வகுப்பினன் ஒருவனுக்குப் பத்தாண்டுக் கடன்துறைப் பட்டறிவு இருந்தும், அவ்வாயில் மூடியதே. அப்பத்தாண்டும் அவனுக்கு ஏணியாகாமல் எடையாகிப் போயின.

எஞ்சியது தனியார் நிறுவனங்களின் நேர்காணல். இங்கே மொழி குறுக்கிடுகின்றது. சிற்றூர் மகளிர் குழுக்களிடம் கடன் கொடுக்கவும், கொடுத்ததைக் கிழமைதோறும் தண்டவும் அந்நிறுவனங்களுக்குத் தமிழ் வேண்டும், நன்றாகவே வேண்டும். உழவனிடம் ஆங்கிலத்தில் தவணை கேட்டால் ஒரு காசும் வாராது என்பதை அவர்கள் அறிவர். ஆனால் அத்தமிழால் பணம் தண்டித் தந்தவன் வேறு நிறுவனத்திற்கு நேர்காணலுக்குச் சென்றால், அங்கே அவனை ஆங்கிலத்தில் மடக்குகின்றனர். கணக்கறிவையோ, கடன்பெறுவோனின் உண்மையை முகத்தில் கண்டறியும் பட்டறிவையோ ஆய்வதில்லை, ஒலிப்பை ஆய்கின்றனர். பொதுத்துறை வங்கி எழுத்தர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் நடத்தலாம் என்று 2021-இல் நடுவணரசு இசைந்தது. பலர் பலகாலம் கேட்டுப் பெற்ற பயன் அது. அதிகாரி தேர்வோ இன்றும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே நடக்கின்றது. தமிழ்நாட்டுக் கிளையில், தமிழ்நாட்டு மக்களின் பணத்தைத் தமிழில் பேசி வாங்கப்போகும் அதிகாரியைத் தேர்ந்தெடுக்க இந்தி ஆகும்; தமிழ் ஆகாது!

நேர்காணலில் எல்லாரும் அஞ்சும் வினா ஒன்றுண்டு: 'இந்த ஏழு திங்கள் என்ன செய்தீர்?' இவ்வினாவுக்கு நம் இளைஞர் தலைகுனிகின்றனர். சிலர் பொய்யுரைத்துப் பின்னர்ச் சரிபார்ப்பில் அகப்பட்டு, கிடைத்த வேலையையும் இழக்கின்றனர். தலைகுனிய என்ன இருக்கின்றது? 'நிறுவனம் ஆட்குறைத்தது, என் வேலையில் யாரும் குறை கூறவில்லை, இதோ என் பணிச்சான்று' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நிமிர்ந்திருங்கள். சம்பும் (நெல்லும்) உப்பளத்து உப்பும் கூலியாகப் பெற்றமையால் சம்பளம் என்னும் சொல் பிறந்தது என்பார் மொழிஞாயிறு பாவாணர். உழைப்பும் நெல்லும் கைமாறும் கொடுக்கல் வாங்கல் அது. கொடுப்பவன் நிறுத்திக்கொண்டதற்கு வாங்கியவன் நாணுவானேன்? விலகல் மடலுக்கு மாற்றாக ஆட்குறைப்பு ஆணையையே கேட்டு வாங்கியிருந்தால் இவ்விடையைச் சொல்வது இன்னும் எளிதாகும் என்பதையும் இங்கே நினைவூட்டுகின்றேன்.

ஊர்ப்புற நிதி நிறுவனங்களில் பணம் தண்டியோர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 1990-களில் மிகுவட்டி கூறி மக்களிடம் பணம் திரட்டிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தபோது, பணம் போட்டோரைக் காக்க 1997-இல் தமிழ்நாட்டில் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. நற்செயலே. ஆனால் தம் அத்தையிடமும் மாமனிடமும் தாமே பணம் வாங்கிக் கொடுத்து, நிறுவனம் மூடியபின் வேலையும் இழந்து உறவும் இழந்து நின்ற எளிய முகவர்களைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அன்னோர் அடுத்த வேலைக்குச் செல்லும்போது அந்நிறுவனத்தின் பெயரைத் தன்குறிப்பில் எழுதினாலும் கேடு, விட்டாலும் இடைவெளி!

இத்தகைய நெருக்கடியில் இருப்போரைக் கொத்திச் செல்லக் கழுகுகள் வட்டமிடுகின்றன. வேலைக்கென முன்பணம் கேட்பவன், பயிற்சிக் கட்டணம் கேட்பவன், நேர்காணலின்றியே ஆணை அனுப்புபவன் ஆகிய மூவரும் ஏமாற்றுநரே. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்ற நம் இளைஞர்கள் மியன்மாவின் மியாவதியில் அடைக்கப்பட்டு, பிறரைத் தொலைவிலிருந்து பணமோசடி செய்யுமாறு வற்புறுத்தப்பட்டதும், 2022-இல் சிலர் மீட்டுக் கொணரப்பட்டதும் நாடறிந்த செய்தி. வங்கிச் சொற்களும் கடன் பேச்சும் அறிந்தவன் அக்கயவர்க்குப் பெரிதும் பயன்படுவான் என்பதை வேலையிழந்த பணத்துறை இளைஞர் நினைவிற்கொள்ள வேண்டும்.

அரசு செய்வது என்ன? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு காத்திருந்த பட்டதாரிக்குத் தமிழ்நாட்டரசு திங்களுக்கு 600 உருபா உதவித்தொகை தருகின்றது, அதுவும் மூன்றாண்டுக்கே. நேற்று நீக்கப்பட்டு இன்று பதிந்தவனுக்கு அதுவும் இல்லை. ஆறு நூறு உருபா சென்னையில் நேர்காணலுக்குச் சென்றுவரும் வழிச்செலவுக்குப் போதுமா என்று ஆள்வோர் ஒருநாள் பேருந்தேறிப் பார்க்கட்டும். ஆட்குறைப்புக்கு ஆளானவன் என்று தொழிலாளர் அலுவலர் சான்றளித்தால், ஆறு திங்கள் அளவுக்கு அவன் கடன்தவணை தவறியதைக் கடன்தகவல் ஏட்டில் தனிக்குறியிட்டுப் பதிய வேண்டும். அக்குறியுள்ளானை வங்கிகள் அதன்பொருட்டே விலக்கலாகாது. கட்டாயப்படுத்திப் பெற்ற விலகல் மடலை ஆட்குறைப்பாகவே கொள்ளல் வேண்டும். இவ்விரண்டையும் நடுவணரசிடம் கேட்பதற்குத் தொழிற்சங்கங்கள் முன்வருதல் வேண்டும். பணத்துறை இளைஞர்கள் பலர் சங்கம் என்றாலே ஒதுங்கி நிற்பது வேறு கதை. கழுத்துப்பட்டி கட்டியவன் தொழிலாளியல்லன் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிவைத்திருக்கின்றனர்.

அதுவரை, சிற்றறைக்கு அழைக்கப்படும் இளைஞனுக்குச் சொல்வது இது. மடலை வாங்கிக்கொள். 'வீட்டில் படித்துவிட்டு நாளை விடை தருகின்றேன்' என்று கூறி எழுந்து வா. அன்றிரவே, 'என்னை விலகும்படி கேட்டனர். நான் விலகவில்லை' என்று அந்நிறுவனத்திற்கு மின்னஞ்சல் ஒன்று விடுத்து, படியொன்றை வைத்துக்கொள். மறுநாள் தொழிலாளர் அலுவலகத்தில் முறையீட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான நாள் முத்திரையைக் கேட்டு வாங்கு.